ஏரியா சபைக்குப் போவதால் பயன் உண்டா?

செப்டம்பர் 16, ஒரு வாசகரின் கேள்வி

நேற்று எங்கள் வார்டில் ஏரியா சபை நடந்திருக்கிறது. மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் எனக்கே தெரியாது. வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர், "கிராம சபைன்னாதான் சார் மதிப்பு. டவுன்ல இதெல்லாம் போட்டோ எடுக்கறதுக்கு" என்கிறார். அடுத்த முறை ஒரு நாள் லீவு போட்டுப் போனால் ஏதாவது நடக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 17, காலை

போங்கள். நான் இதுவரை ஐந்து முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன். அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவர் சொல்வது பாதிதான் சரி.

இது கவுன்சிலர் மனது வைத்தால் நடத்துகிற கூட்டம் இல்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருக்கும் நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் சட்டம் போட்டு ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஊரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குக் கீழே என்றால் வார்டுக்கு நான்கைந்து பகுதி, பத்து லட்சம் வரை ஆறிலிருந்து ஒன்பது, அதற்கு மேலே போனால் பத்து. சென்னையில் 200 வார்டு, அப்படியானால் 2,000 பகுதி. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் பகுதி சபையின் (ஏரியா சபை என்பது இதுதான்) உறுப்பினர்கள்தான். யாரும் உங்களுக்குத் தனியாக அழைப்பு வைக்கத் தேவையில்லை. பகுதிக்கு ஒரு பிரதிநிதி உண்டு. அந்தப் பிரதிநிதிகளும், தலைவராகக் கவுன்சிலரும் சேர்ந்தால் வார்டு குழு.

எனக்கு இருக்கும் பெரிய குறை ஒன்றுதான். சபைக்குச் சொந்தமாக ஒரு ரூபாய் கிடையாது. கையில் காசில்லாத சபை மனு வாங்குகிற இடமாகத்தான் இருக்கும். வார்டுக்கு இவ்வளவு, பகுதிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஒதுக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

செப்டம்பர் 17, இரவு

காலையில் அவசரமாக எழுதியதில் ஒரு பிழை. சட்டம் 2010லேயே திருத்தப்பட்டுவிட்டது. மத்திய அரசு 2005இல் கொண்டுவந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் பணம் வாங்கும் மாநிலங்கள் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அதையொட்டி வந்தது அந்தத் திருத்தம். 2022இல் வந்தது அதற்கான விதிகள். நடுவில் பன்னிரண்டு வருடம்.

அதிலும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை நம் நகரங்களில் கவுன்சிலர்களே கிடையாது. தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். அந்த ஐந்தரை வருடத்தில் தெருவில் குழாய் உடைந்தால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் நாங்கள் அலைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் பகுதி சபை 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் கலந்துகொண்டார். எங்கள் ஊரிலும் அன்றுதான் முதல் கூட்டம்.

செப்டம்பர் 19

கிராம சபையோடு ஒப்பிட்டதைப் பற்றி. நான் பிறந்தது கிராமத்தில். அண்ணன் அங்கேதான் இருக்கிறார். மே தின விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கிராம சபையில் போய் உட்காருவேன். அங்கே வருடத்தில் நான்கு நாள் சபை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2.

கிராம சபைக்கு ஒரு எடை இருக்கிறது என்பது உண்மை. 500 பேர் உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது 50 பேர் வரவேண்டும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேலே 300. அத்தனை பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. வரவு செலவை வாசிக்க வேண்டும். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவை எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு முறை போர்வெல் செலவைத் தலைவர் வேகமாக வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "தம்பி, அந்த வரியை மறுபடி படி" என்றார். அவர் மறுபடி படித்தார். எனக்கு அன்று புரிந்தது, சபை என்றால் அந்த "மறுபடி படி"தான். நகரத்தில் நான் போன முதல் கூட்டத்தில் வாசிக்க எதுவுமே இல்லை. ஒரு கணக்கும் இல்லை.

இன்னொரு வித்தியாசம் அளவு. சென்னையில் ஒரு வார்டு என்றால் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல். அது ஒரு பெரிய ஊராட்சியைவிடப் பெரியது. அதனால்தான் வார்டோடு நிறுத்தாமல் பகுதி வரைக்கும் பிரித்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 19, சற்று நேரம் கழித்து

அண்ணன் போனில் திருத்தினார். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு நாள். 2022இலிருந்து மார்ச் 22 உலக தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்திருக்கின்றன. பகுதி சபைக்கு ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நான்கு நாள். கேட்டவர் அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 20

"வாடகைக்கு இருப்பவர் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேசலாம். சொந்த வீடா வாடகையா என்று பார்ப்பதில்லை, ஓட்டு அங்கே இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஆனால் அங்கேதான் நான் அடிபட்டேன். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் என் ஓட்டு கிராமத்திலேயே இருந்தது. முதல் கூட்டத்தில் பேச எழுந்தபோது ஒருவர், "உங்க ஓட்டு எந்த பூத்தும்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே முகவரி மாற்ற விண்ணப்பித்தேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள். வருடா வருடம் வீடு மாறுகிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சபையின் சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 23

என்னுடைய இரண்டாவது, மூன்றாவது கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயன் உண்டா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஊர் பெயர் வேண்டாம்.

முதல் கூட்டத்தில் எங்கள் தெரு வளைவில் தெருவிளக்கு இல்லை என்று பலர் சொன்னார்கள். மழைநீர் வடிகாலைத் தெருவைவிட உயரமாகக் கட்டிவிட்டதால் தண்ணீர் அதில் இறங்காமல் வீட்டு வாசலில் நிற்கிறது என்றார்கள். பள்ளிச்சுவர் ஓரம் குப்பைத் தொட்டி. இப்படிப் பதினொரு விஷயம். எல்லாவற்றுக்கும் "குறிச்சுக்கறோம்" என்றார்கள். இரண்டாவது கூட்டத்தில் அதே பதினொன்றையும் அதே ஆட்கள் முதலிலிருந்து சொன்னார்கள். மறுபடி "குறிச்சுக்கறோம்". எங்கே குறித்தார்கள்? வந்த உதவிப் பொறியாளர் புதியவர், பழையவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் எழுதி வைத்திருந்தால் அது அவரோடு போய்விட்டது. கூட்டம் பாதியாகக் குறைந்ததும் அப்போதுதான். கோபித்துக்கொண்டு போகவில்லை, சலித்துப்போய்ப் போனார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்கு நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்தை நான்காக மடித்துக் கோடு போட்டேன். என்ன குறை, எந்த இடம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும், "ஒரு நிமிஷம், இதைப் படிக்கிறேன், சரியா பாருங்க" என்று சத்தமாக வாசித்தேன். உதவிப் பொறியாளர் "எஸ்டிமேட் போட்டாச்சு" என்றபோது, "எந்தத் தேதியில சார்?" என்று கேட்டேன். சண்டை போடும் குரலில் கேட்கவில்லை, எழுதுவதற்காகத்தான் கேட்டேன். அவர் போனை எடுத்து அலுவலகத்தில் விசாரித்துத் தேதியைச் சொன்னார். கடைசியில் கவுன்சிலரிடமும் அவரிடமும் கையெழுத்து கேட்டேன். பொறியாளர் கொஞ்சம் தயங்கினார். கவுன்சிலர் போட்டதும் அவரும் போட்டார்.

நான்காவது கூட்டம் நோட்டைத் திறந்து, போன முறை சொன்னதில் எது ஆயிற்று, எது ஆகவில்லை என்று வாசிப்பதோடு தொடங்கியது. பதினொன்றில் நான்கு முடிந்திருந்தது. அதில் தெருவிளக்கும் ஒன்று. கை தட்டினார்கள். எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஒரு கம்பத்தில் ஒரு விளக்கு, அவ்வளவுதான், ஆனால் அது எங்கள் வாயால் கேட்டு வந்த விளக்கு.

கூட்டம் முடிந்ததும் கவுன்சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் முறை ஜெயித்தவர், என்னைவிட இளையவர். "அக்கா, அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. மண்டலக் கூட்டத்துல பேசறதுக்கு என் கையில எதுவுமே இல்ல" என்றார். அதுவரை நான் அவரை எதிர்ப்பக்கமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்டு முழுவதையும் பார்க்க வேண்டிய அவருக்கு எழுதிக் கொடுக்க ஒரு எழுத்தர்கூட இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலை செய்யும் ஒரு மாநகராட்சி, மூன்று மாதத்துக்கு ஒரு நாள் ஒரு எழுத்தரை அனுப்பக் கூடாதா?

செப்டம்பர் 24

"சபை நமக்கு என்ன புதிதா, உத்திரமேரூர் இருக்கிறதே" என்று ஒருவர். இருக்கிறது, எனக்கும் அதில் பெருமைதான். உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம். அங்கே இருப்பது சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்தார்கள். இப்போது வார்டு என்கிறோமே, அதுதான் குடும்பு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு) என்று முப்பது முப்பது பேர்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் முடியாது. போன மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவர்களுக்கும் இடமில்லை.

செப்டம்பர் 25

நேற்றைய கணக்கு தப்பு. மொத்தம்தான் முப்பது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு.

சொல்லாமல் விட்டது இன்னொன்று, அது இதைவிட முக்கியம். அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின், சபை. சொந்த நிலத்தில் வீடு கட்டி வரி கட்டும், 35 வயதிலிருந்து 70 வயதுக்குள் இருக்கும், வேதம் படித்த ஆண்களுக்குத்தான் ஓலை. உழுதவர்களுக்கு ஓலை இல்லை, பெண்களுக்கும் இல்லை. நான் அந்த ஊரில் இருந்திருந்தால் குடத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பேன். கணக்குக் காட்டும் விதியை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம், யார் உள்ளே வரலாம் என்பதை அங்கிருந்து எடுக்க வேண்டாம். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. என்னை அக்கா என்று கூப்பிட்ட அந்தக் கவுன்சிலர் அப்படி வந்தவர்தான்.

செப்டம்பர் 29

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். "பணம் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

எங்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர் சொச்சம். அதில் முக்கால்வாசி கட்சிக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும். அன்றைக்கே அந்தச் சபையின் கையில் பத்து லட்சம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யார் வீட்டு முன்னால் சிமென்ட் ரோடு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பணத்துக்கு முன்னால் பதில் வரவேண்டும். போன முறை சொன்னது என்ன ஆயிற்று என்ற பதில்.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற ஊர், மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டுக்குப் பெயர்போனது. 1989இல் தொடங்கினார்கள். பணம் எதற்கு என்று பேட்டை பேட்டையாக மக்கள் கூடி முன்னுரிமை சொல்வார்கள், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை ஜனத்தொகையையும், அங்கே இல்லாத வசதி எது என்பதையும் வைத்துக் கணக்கிடுவார்கள். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் கவனித்தது வேறு. வருடத்தின் முதல் சுற்றுக் கூட்டத்தில், போன வருடத் திட்டத்தில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று மாநகராட்சி வந்து நின்று சொல்ல வேண்டும். வேலைகளின் பட்டியல் ஒரு கையேடாக அச்சிட்டு மக்கள் கையில் இருக்கும். புது மனு அதற்கு அப்புறம்தான். குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள வீடுகள் 1988இல் நூற்றுக்கு 75, 1997இல் 98 என்கிறார்கள். அந்த இடைவெளியில் எத்தனை முறை "போன வருடம் சொன்னீர்களே" என்று கேட்டிருப்பார்கள்!

அந்த ஊரிலும் அது நிலைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆட்சிகள் மாறின, பணம் குறைந்தது, 2017இல் நிறுத்திவைத்தார்கள். மேயரின் மனதை மட்டும் நம்பி இருப்பது மேயரோடு போய்விடும்.

பக்கத்திலேயே பார்க்கலாம். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்ட நிதியில் 35இலிருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குப் போனது. ஆனால் கூட்டத்துக்குப் பெண்கள் வந்ததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. 1998இல் குடும்பஸ்ரீ வந்தது. பத்திலிருந்து இருபது பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம், அதற்கு மேலே வார்டு அளவில் ஒரு அமைப்பு, அதற்கு மேலே ஊராட்சி அல்லது நகராட்சி அளவில் ஒன்று. பத்து பேராகப் பேசிப் பழகியவள் நூறு பேர் முன்னால் எழுந்து நிற்பாள். நம்மிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பகுதி சபைக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 1

மாநகராட்சி எப்படி உதவ முடியும் என்று கேட்டால் எல்லோரும் பணத்தைச் சொல்கிறோம் (நானும்தான்). லாஸ் ஏஞ்சலஸில் 1999இல் நகரச் சாசனத்தைத் திருத்தியபோது பேட்டைக் குழுக்களை அமைத்தார்கள். இப்போது 99 குழுக்கள். அவற்றுக்கு அதிகாரம் கிடையாது, ஆலோசனைதான் சொல்ல முடியும். ஆனால் அந்தக் குழுக்களைக் கவனிப்பதற்கென்றே நகர அரசில் ஒரு தனித் துறை இருக்கிறது. தேர்தல் நடத்த, பயிற்சி கொடுக்க, விதி சொல்லிக்கொடுக்க ஊழியர்கள். நகர மன்றத்துக்கு ஒரு விஷயம் வரும்போது பேட்டைக் குழு தன் கருத்தை எழுதி அந்தக் கோப்பிலேயே சேர்க்கலாம். குடியிருப்பவர் மட்டும் இல்லை, அங்கே வேலை செய்கிறவரும் ஓட்டுப் போடலாம். வாடகைக்காரர்கள் குறைவாகவும் வீட்டுக்காரர்கள் அதிகமாகவும் வருகிறார்கள் என்ற குறை அங்கேயும் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

என் கருத்து கோப்பில் ஏறுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எங்கள் நோட்டு என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அது மண்டல அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டியது.

அக்டோபர் 2

"குடியிருப்போர் நலச்சங்கம் இருக்கும்போது இது எதற்கு?" என்ற கேள்விக்கு.

சங்கங்கள் செய்த நல்ல வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பேட்டையில் மரம் வைத்ததும், வெள்ளத்தின்போது சமைத்துப் போட்டதும் அவர்கள்தான். ஆனால் சங்கத்தில் சந்தா கட்டும் வீட்டுக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள். தெருவின் கடைசியில் வாரியக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே யாரும் சங்கத்தில் இல்லை.

ஐந்தாவது கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் காய்கறித் தள்ளுவண்டிகள் நிற்பதால் நடக்க இடமில்லை, அகற்ற வேண்டும் என்று சங்கத்துக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இதே மனுவை மாநகராட்சிப் புகார் எண்ணுக்குப் போனில் சொல்லியிருந்தால் ஒரு வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போயிருக்கும். சபையில் அவர் வாசித்து முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். தள்ளுவண்டிக்காரர்களில் ஒருவர், அதே பகுதி வாக்காளர். "அண்ணே, உங்க வீட்டுக்கும் நான்தானே கீரை குடுக்கறேன். எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பேசினார்கள், முக்கால் மணி நேரம். காலை நேரத்தில் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் சுவரோரமாக நிற்பது, நடைபாதையில் நான்கடி விடுவது, குப்பையை அவர்களே அள்ளுவது என்று முடிவானது. 2014ஆம் வருடத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டைக்கு எங்கே போக வேண்டும் என்று சுகாதார ஆய்வாளர் சொன்னார். மனு கொடுத்தவரே அதை நோட்டில் எழுதச் சொன்னார். ஏற்பாடு இன்றைக்கும் ஓரளவு நிற்கிறது. மழை நாளில் மட்டும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள், அங்கேதான் கூரை இருக்கிறது.

புகார் எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய் உடைந்தால் போன்தான் செய்ய வேண்டும். ஆனால் என் தேவையும் இன்னொருவர் பிழைப்பும் ஒரே நடைபாதையில் இருக்கும்போது போனில் எப்படித் தீர்ப்பது?

அக்டோபர் 6

நேரம். எங்கள் கூட்டம் எப்போதும் காலை பதினொரு மணிக்கு. வேலை நாளாக இருந்தால் யார் வருவார்கள்? தூய்மைப் பணியாளர்கள் அந்த நேரத்தில் தெருவில் இருக்கிறார்கள். நம் குப்பையைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும், அவர்கள் இல்லாமல்தான் குப்பையைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாது. மாலை ஆறரைக்கு வைத்தால் கூட்டம் இரண்டு மடங்காகும் என்று நம்புகிறேன். கேட்டேன், "ஆபீசர்ங்க வரமாட்டாங்க" என்றார்கள். நான்கு மாலை நேரத்துக்கு ஈடாக விடுப்பு கொடுத்தால் வருவார்களே.

அக்டோபர் 11

"சரி, மாநகராட்சியிடம் என்னதான் கேட்க வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார்.

ஏழு நாள் முன்னால் அறிவிப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டும் போதாது. குடிநீர்த் தொட்டியிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும், குப்பை வண்டி ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், அந்த வண்டிதான் தினமும் எல்லா வீட்டுக்கும் போகிறது. எழுதுவதற்கு மாநகராட்சியின் ஆள் ஒருவர். அவர் எழுதியதைக் கூட்டம் முடிவதற்குள் சத்தமாக வாசிக்க வேண்டும். போன கூட்டத்துக்கான பதில் முதல் வேலையாக வர வேண்டும். "முடியாது" என்பதும் பதில்தான், காரணத்தோடு சொன்னால் போதும். வடிகாலை இடித்துத் தாழ்த்த இந்த வருடம் பணமில்லை என்று எங்கள் பொறியாளர் நேராகச் சொன்னபோது ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

இன்னொன்று, வார்டில் நடக்கும் வேலைகளின் பட்டியல். எந்தத் தெரு, எவ்வளவு தொகை, யார் ஒப்பந்ததாரர், எப்போது முடியும். தகவல் உரிமைச் சட்டம் 2005, நான்காவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. நாம் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருக்கிறோம்.

பகுதிப் பிரதிநிதி விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. இப்போது நியமனம். கட்சிக்காரர்தான் வருகிறார். தேர்தல் வைத்தால் அதிலும் கட்சிதான் வரும் என்கிறார்கள். குடவோலை போலக் குலுக்கல் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன், பெயர் கொடுத்த வாக்காளர்களிலிருந்து ஒரு ஆண் ஒரு பெண், இரண்டு வருடத்துக்கு. சிரிக்காமல் யோசித்துப் பாருங்கள்.

பணம்? இதெல்லாம் இரண்டு வருடம் ஒழுங்காக நடந்தபின் கேட்போம், கட்டாயம் கேட்போம். அப்போது அந்தப் பணத்துக்குக் காவல் இருக்கும்.

அக்டோபர் 12

வார்டு குழுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அது எங்கள் வார்டில் எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 11

நேற்று ஆறாவது கூட்டம். ஒரு நல்ல செய்தி, மாலை ஐந்தரைக்கு வைத்தார்கள். 64 பேர், நானே எண்ணினேன். தூய்மைப் பணியாளர்கள் நான்கு பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பள்ளிச்சுவர் தொட்டியை எங்கே மாற்றலாம் என்று அவர்களில் ஒருவர்தான் இடம் சொன்னார். வண்டி திரும்பும் இடம் எது என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எழுத்தர் வரவில்லை. நோட்டை நான்தான் எழுதினேன். எழுபத்தெட்டாம் பக்கம் வரை வந்துவிட்டது. வடிகால் ஒன்பதாவது வரிசையில் நான்காவது முறையாக ஏறியிருக்கிறது. இந்த முறை பொறியாளர் அதற்கு எதிரே தேதிக்குப் பதிலாக, "அடுத்த நிதியாண்டு எஸ்டிமேட்டில் சேர்க்கப்படும்" என்று தன் கையாலேயே எழுதினார்.

வார்டு குழு இதுவரை ஒரு முறைகூடக் கூடவில்லையாம். கவுன்சிலர் தானாகவே சொன்னார். ஜனவரி 25க்கு முன்னால் கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் எழுதிக்கொண்டேன்.

முதலில் கேள்வி கேட்டவர் தன் வார்டில் நேற்று போய்வந்திருக்கிறார். பதினேழு பேர்தான் இருந்தார்களாம், யாரும் எதையும் எழுதவில்லையாம். "நான் எழுதட்டுமா என்று கேட்டேன், சரி என்றார்கள்" என்று இரண்டு வரி போட்டிருக்கிறார். பக்கத்தை எப்படி மடித்துக் கோடு போடுவது என்று கேட்டிருக்கிறார். இடதுபக்கக் கட்டம் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். குறையைச் சுருக்காமல் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.